ஆறு வற்றிய ஆண்டும் பதினோராம் தர உயிரியலும்

சாதாரண தர விஞ்ஞானப் பாடநூலில் உயிரியல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தரம் 11 உயிருள்ள இழையங்களோடு தொடங்குகிறது, அடுத்து ஒளித்தொகுப்பு, பிறகு கலவைகளும் அலைகளும் ஒளியியலும் குறுக்கே நிற்கின்றன. மனித உடலின் செயன்முறைகள் நடுவில் ஓரிடத்தில் வருகின்றன. அமிலமும் காரமும், வெப்பம், மின், ஐதரோகாபன் எல்லாம் முடிந்து, பரீட்சைக்கு நாள் எண்ணத் தொடங்கிய வேளையில், கடைசி அலகாக உயிர்க்கோளம் வந்து சேர்கிறது. நுண்ணங்கிகளை மனிதன் எப்படிப் பயன்படுத்துகிறான் என்பதைத் தரம் 9இலும், பரம்பரையலகுப் பொறியியலைத் தரம் 10இலும் பிள்ளைகள் ஏற்கெனவே தாண்டி வந்துவிட்டார்கள். மூன்று விஞ்ஞானங்களையும் ஒரே பாடமாக எழுதும்போது இந்தச் சிதறலைத் தவிர்ப்பது கடினம். அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் மீட்டல் வகுப்பிலும் அதே வரிசையில், அலகு அலகாக, இன்னும் வேகமாக நடத்துவதற்குத்தான் நாம் மீட்டல் என்று பெயர் வைத்திருக்கிறோம். ருவான்வெல்லை, யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டப் பக்கத்துத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் இந்தத் தொழிலைச் செய்பவர்களுக்கு அந்த வேகமும் அதன் விளைவும் நன்றாகவே தெரியும். நான் இங்கே வாதிட வருவது ஒன்றைத்தான்: மனித உடல், சூழற்றொகுதி, உயிரியற் தொழினுட்பம் ஆகிய மூன்றையும் மீட்டலின்போது பிரிக்காமல் ஒரே நிகழ்வுக்குள் வைத்துக் கேட்க வேண்டும், அப்படிக் கேட்பதற்கு வேண்டிய பொருள் கேகாலை மாவட்டத்தின் ஆற்றிலும் இறப்பர் மலையிலும் வரலாற்றிலும் நிறையவே கிடக்கிறது.

பிரித்துப் படிப்பதால் என்ன கெடுகிறது என்பதற்கு இன்சுலினைப் பாருங்கள். மனித உடல் என்ற அலகில் அது சதையி சுரக்கும் ஓமோன்; குருதியில் குளுக்கோசின் அளவைக் குறைப்பது. பரம்பரையலகுப் பொறியியலில் அது பற்றீரியாவைக் கொண்டு தயாரிக்கப்படும் ஒரு பொருள். இரண்டு இடத்திலும் பிள்ளை சரியாகவே எழுதுகிறது. ஆனால் மனிதனின் சதையி சுரக்கவேண்டிய ஒன்றைப் பற்றீரியா எப்படிச் செய்ய முடிகிறது, செய்தாலும் அதை ஏன் விழுங்காமல் ஊசியாக ஏற்றுகிறோம் என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. பரம்பரையலகு என்பது புரதத்துக்கான கட்டளை. அந்தக் கட்டளையை வாசிக்கும் முறை மனிதக் கலத்துக்கும் பற்றீரியாக் கலத்துக்கும் பொது. இன்சுலின் ஒரு புரதம். புரதத்தை விழுங்கினால் இரைப்பையும் சிறுகுடலும் அதைச் சமித்துவிடும். இந்த நான்கு வாக்கியங்களும் நான்கு வேறு அலகுகளில் இருப்பவை. நான்கையும் தனித்தனியே மனனம் செய்த பிள்ளைக்கு விடை கையில் இருக்கிறது. ஆனால் அது நான்கு பெட்டிகளில் பூட்டிக் கிடக்கிறது. 1982இல் பற்றீரியா தயாரித்த மனித இன்சுலின் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. அதற்கு முன் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்த சதையிகளை நம்பியே உலகத்து நீரிழிவு நோயாளர்கள் வாழ்ந்தார்கள். சீனி வருத்தம் உள்ள ஒருவராவது இல்லாத லயம் இன்று அரிது. வீட்டில் தினமும் பார்க்கும் அந்த ஊசியைப் பாடத்தின் இரண்டு பக்கங்களோடும் சேர்த்துப் பார்க்கப் பிள்ளைக்கு ஒரு தடவையாவது வாய்ப்புக் கிடைக்க வேண்டும். அதைக் கொடுக்கும் இடம் மீட்டல் வகுப்புத்தான், ஏனென்றால் அதற்கு முன் எந்த வகுப்பிலும் நான்கு அலகுகளும் முடிந்திருப்பதில்லை.

படித்ததைத் திரும்பப் படிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுவதே நெடுநாள் நிற்கும் என்பது இன்று ஓரளவு எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்த செய்தி. 2006இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் நடத்திய சோதனை இதற்குப் பெயர்பெற்றது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசிப்பைக் குறைத்து நினைவுகூர்ந்து எழுதியவர்கள் முந்தினார்கள். நமது கருத்தரங்குகள் ஏன் அவ்வளவு திருப்தியாக முடிகின்றன, பரீட்சை மண்டபத்தில் ஏன் அந்தத் திருப்தி உதவுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் கடந்தகால வினாத்தாள்களை அலகுவாரியாகப் பிரித்து அச்சடித்த கையேடுகளைக் கொண்டு நினைவுகூரப் பழக்கும்போது இந்த நன்மையின் பாதியை இழந்துவிடுகிறோம். பக்கத்தின் தலையிலேயே சுற்றோட்டத் தொகுதி என்று போட்டிருந்தால், எந்த அறிவை எடுக்கவேண்டும் என்ற தெரிவை அந்தத் தலைப்பே செய்து முடித்துவிடுகிறது. பரீட்சையில் பிள்ளைக்கு முன் நிற்கும் முதற்கேள்வியே அந்தத் தெரிவுதான். அதனால்தான் தலைப்பில்லாத, ஓர் அலகுக்குள் அடங்காத, உண்மையில் நடந்த ஒன்றை எடுத்துவைத்து மீட்டச் சொல்கிறேன்.

நமது மாவட்டத்தில் அதற்கு 1934-35 மலேரியாவைவிடச் சிறந்த பொருளை நான் அறியேன். அந்த ஆண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. எப்போதும் நிரம்பி ஓடும் ஈரவலயத்து ஆறுகள் வற்றின. படுகையில் மணலுக்கும் பாறைக்கும் இடையே தெளிந்த நீர் குட்டை குட்டையாகத் தேங்கியது. வெயில் படும், ஓடாத, சுத்தமான நீரைத் தேடி முட்டையிடும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்புக்கு அதுவே போதுமாயிருந்தது. கேகாலையும் குருநாகலும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்கள். ஏறக்குறைய 15 இலட்சம் பேர் நோயுற்றார்கள். சில மாதங்களுக்குள் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். இந்தச் செய்தியை மட்டும் கொடுத்துவிட்டு, மழை குறைந்த ஆண்டில் நுளம்பு ஏன் பெருகியது என்று கேட்டுப் பார்த்தால் போதும். மழை பெய்தால் நீர் தேங்கும், நீர் தேங்கினால் நுளம்பு பெருகும் என்று டெங்குச் சுவரொட்டிகளில் படித்து மனதில் பதிந்த சங்கிலி இங்கே தலைகீழாகிறது. ஓடும் ஆற்றில் குடம்பிகள் அடித்துச் செல்லப்படும் என்பதையும், குட்டையில் அவற்றைத் தின்னும் மீன் இல்லாமற்போகலாம் என்பதையும், ஒவ்வோர் இனத்துக்கும் தனக்கே உரிய வாழிடம் உண்டு என்பதையும் பிள்ளை தானே கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. சூழற்றொகுதி என்ற அலகில் உயிரற்ற காரணிகள் என்று ஒரு பட்டியலாக இருந்த வெப்பநிலை, ஒளி, நீரோட்டம் ஆகியவை இங்கே மனிதரைக் கொல்லவும் காக்கவும் வல்லவையாக மாறுகின்றன. குருகொட ஓயாவைக் கோடையில் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் அந்தக் குட்டைகளை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி உடலுக்குள் போகிறது. மலேரியா ஆண்டாண்டாக இருந்துவந்த உலர்வலயத்தைவிட, அது அரிதாக எட்டிப்பார்க்கும் இந்தப் பகுதியில் ஏன் இத்தனை சாவு? அடிக்கடி தொற்றுக்கு உள்ளான உடல் ஓரளவு நிர்ப்பீடனம் பெறுகிறது. இங்கிருந்தவர்களுக்கு அது இல்லை. ஒட்டுண்ணி ஈரலில் பெருகிப் பின் செங்குருதிக் கலங்களுக்குள் நுழைந்து அவற்றை உடைக்கிறது. கலங்கள் உடையும் வேளையில் குளிரும் காய்ச்சலும் வருகின்றன. சிதைந்த கலங்களை அகற்றும் மண்ணீரல் வீங்குகிறது. ஈமோகுளோபின் குறைய ஒட்சிசன் இழையங்களுக்குப் போதாமற்போகிறது. நோயாளி எழுந்து நடக்க வலுவின்றிக் கிடக்கிறார். சுவாசத் தொகுதியும் சுற்றோட்டத் தொகுதியும் நிர்ப்பீடனமும் ஒரே நோயாளியிடம் சந்திக்கின்றன. இதற்கு மேல் ஒரு படி உண்டு. அந்த ஆண்டுகள் உலகப் பொருளாதார மந்தத்தின் ஆண்டுகள். இறப்பர் விலை விழுந்து, கூலி குறைந்து, கிராமங்களில் வயிறு காய்ந்திருந்தது. நுளம்பு நோயைக் கொடுத்தது, பசி அதைச் சாவாக்கியது என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். உணவின்றி எலும்புமச்சை புதிய செங்குருதிக் கலங்களை உண்டாக்க முடியாது என்பதை அறிந்த பிள்ளை அந்த வாதத்தை எடைபோடும் தகுதியைப் பெற்றுவிடுகிறது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தோடு உணவையும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குப் போனதற்கு இதுவே காரணம். பருப்பு பகிர்ந்த கலாநிதி என். எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மகாத்தயா’ என்ற பெயர் நிலைத்தது. 1936இல் ருவான்வெல்லைத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. ஓர் உயிரியல் பாடம் ஊரின் அரசியல் வரலாற்றில் போய் முடிவதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். அந்தக் கவனத்துக்குப் பரீட்சையில் புள்ளி இல்லை, ஆனாலும் பாடம் அதனால் மறக்காமல் நிற்கிறது.

மூன்றாவது கதவு உயிரியற் தொழினுட்பத்துக்குத் திறக்கிறது. அந்த நிவாரணப் பணியாளர்கள் நோயில் இளைத்தவர்களுக்கு மார்மைட்டையும் கொடுத்தார்கள். மார்மைட் என்பது மதுவத்தின் சாறு. பியர் வடித்தபின் மிஞ்சும் மதுவத்திலிருந்து எடுப்பது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிப் பெண்களை வாட்டிய ஒருவகைக் குருதிச்சோகையை ஆராய்ந்து, மதுவச் சாறு அதைக் குணமாக்குவதை 1931இல் வெளியிட்டிருந்தார். சாற்றிலிருந்த அந்தப் பொருளே பின்னர் போலிக் அமிலம் என்று அறியப்பட்டது. இங்கே ஒரு பொறுப்பு ஆசிரியருக்கு உண்டு. மார்மைட் மலேரியாவைக் குணமாக்கும் என்று எந்தப் பிள்ளையும் எழுதிவிடக்கூடாது. ஒட்டுண்ணியைக் கொன்றது குவினைன். மதுவச் சாறு இழந்த குருதியை ஈடுசெய்ய உடலுக்கு உதவியது. எல்லாக் குருதிச்சோகையும் ஒன்றல்ல என்பதையும் இந்த இடத்திலேயே பிரித்துக் காட்டலாம். இந்நாட்டுத் தோட்டங்களில் 1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளை தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் எதிர்கொண்டது இரும்புச்சத்து இழப்பால் வரும் சோகையை. குடலைக் கவ்விக் குருதி குடிக்கும் அந்தப் புழு, மலசலகூடமில்லாத மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே உடலுக்குள் ஏறியது. அதற்குத் தீர்வு புழு மருந்தும் மலசலகூடமும் செருப்பும். நோயின் பெயர் ஒன்றாயிருக்க, காரணமும் தீர்வும் வேறாகின்றன. மதுவத்தின் கதை அங்கேயும் முடியவில்லை. இன்று மலேரியாவுக்கு முதன்மையான மருந்து ஆர்ட்டிமிசினின். சீனச் செடியொன்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்த தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. 2006இல் கலிபோர்னியாவின் ஜே கீஸ்லிங் குழு அந்தச் செடியின் பரம்பரையலகுகளை மதுவத்துக்குள் சேர்த்து, மருந்தின் முன்னோடிப் பொருளை மதுவத்தைக்கொண்டே செய்வித்தது. ஒரே நுண்ணங்கி 1930களில் நோயாளியின் உணவு. எழுபது ஆண்டு கழித்து மருந்து செய்யும் தொழிற்சாலை. பழைய உயிரியற் தொழினுட்பத்துக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட நேராகக் காட்டும் உதாரணம் பாடநூலில் இல்லை.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. விஞ்ஞான வினாத்தாளின் முதற்பகுதியில் 40 பல்தேர்வு வினாக்கள். உயிரியலுக்கு அதில் மூன்றிலொரு பங்கு. இரண்டாம் பகுதியில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும். 1934ஐப் பற்றி எவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அமைப்புக் கட்டுரை வினாக்களின் கட்டமைப்பைக் கூர்ந்து பார்த்தால், அவை ஒரு படத்தையோ ஒரு சூழலையோ கொடுத்து, அதிலிருந்து கிளை கிளையாக வெவ்வேறு அலகுகளுக்குள் இறங்குவதைக் காணலாம். பெயரிடுக என்ற முதற்பகுதியில் நமது பிள்ளைகள் புள்ளி எடுக்கிறார்கள். காரணம் தருக என்ற இடத்தில்தான் இழக்கிறார்கள். காரணம் என்பது எப்போதும் இரண்டு செய்திகளுக்கு இடையிலே இருப்பது. மேலும் நான் சொல்லும் முறை மேலதிக நேரத்தைக் கேட்பதில்லை. மூன்றாந்தடவையாக உயிர்க்கோள அலகை வாசித்துக் காட்டச் செலவாகும் இரண்டு பாடவேளைகளை அது எடுத்துக்கொள்கிறது. இலங்கையில் இப்போது மலேரியா இல்லையே, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனமே சான்றிதழ் தந்துவிட்டதே, ஒழிந்த நோயை ஏன் படிக்கவேண்டும் என்று கேட்பவர்களுக்கு 1963ஐ நினைவூட்டலாம். அந்த ஆண்டு நாடு முழுவதிலும் 17 நோயாளர்கள்தான் பதிவானார்கள். தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் அந்தத் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. நுளம்பும் ஆறும் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. காவி இருக்க ஒட்டுண்ணி மட்டும் இல்லாத ஒரு சமநிலையை மனிதர் காத்து நிற்கிறார்கள் என்பதே ஒரு சூழற்றொகுதிப் பாடம்.

இறப்பர் மரத்துக்கு வருகிறேன். கேகாலை இந்நாட்டின் முதன்மையான இறப்பர் மாவட்டங்களில் ஒன்று; ருவான்வெல்லையைச் சுற்றியுள்ள பிள்ளைகள் பாடசாலைக்கு வரும் வழியெங்கும் அதுவே நிற்கிறது. பால்வெட்டு என்பது தாவர இழையங்களைப் பற்றிய மிகத் துல்லியமான அறிவு. பாற்கலன்கள் பட்டையில், உரிய இழையத்தோடு சேர்ந்து, மாறிழையத்துக்கு வெளியே வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. மாறிழையத்துக்குக் கிட்டவுள்ள வளையங்களிலேயே பால் அதிகம். ஆனால் கத்தி மாறிழையத்தைத் தொட்டால் பட்டை ஒழுங்காகப் புதுப்பிக்காது, மரம் முண்டும் முடிச்சுமாகும். ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் பட்டையை மிச்சம் வைத்து வெட்டவேண்டும். பாற்கலன்கள் நேர்நிலையாக ஏறாமல் சற்று வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும் வெட்டு அதிகக் கலன்களைத் திறக்கிறது. விடியற்காலையில் வெட்டுவதற்குக் காரணம், இரவில் இலைவாய்கள் மூடி ஆவியுயிர்ப்புக் குறைந்து, கலன்களின் வீக்க அமுக்கம் உச்சத்தில் இருப்பது. வெயிலேற அது தணிகிறது. சில மணி நேரத்தில் ஒழுக்கு தானே நிற்கிறது. பாலில் மிதக்கும் லூட்டொயிட் என்ற நுண்பைகள் வெட்டுவாயில் வெடித்து, இறப்பர்த் துணிக்கைகளைத் திரளச்செய்து அடைத்துவிடுகின்றன. மனிதத் தோலில் காயம்பட்டால் குருதிச் சிறுதட்டுகளும் பைபிரின் இழைகளும் செய்வதும் அடைப்புத்தான். இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவையல்ல. உள்ளிருப்பது வெளியேறாமல் காக்கவேண்டிய தேவை இரண்டு உயிர்களையும் ஒரே மாதிரியான தீர்வுக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதே மலையில் காலைப் பற்றும் அட்டை அந்த அடைப்பைத் தடுத்து வாழ்கிறது. மருத்துவ அட்டையின் உமிழ்நீரில் குருதி உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதை 1884இல் ஜோன் ஹேகிராப்ட் கண்டார். ஹிருடின் என்ற அந்தப் புரதத்தின் பரம்பரையலகை மதுவத்தில் சேர்த்து 1990களின் கடைசியில் மருந்தாக்கினார்கள். நமது தரை அட்டைகளிடமும் அதே வேலையைச் செய்யும் வேறொரு புரதம் உண்டு. அட்டை கடித்த இடத்தில் குருதி நெடுநேரம் கசிவது ஏன் என்ற ஒரு கேள்வியிலிருந்து குருதியுறைதல், ஒட்டுண்ணி வாழ்க்கை, பரம்பரையலகுப் பொறியியல் மூன்றையும் பிள்ளை மீட்டிவிட முடியும். மலைகளில் மூடுபயிராகப் படரவிடும் பியூரேரியாவும் முக்கூனாவும் வேர்முடிச்சில் நைதரசனைப் பதிப்பதையும், மழையில் மண் அரிப்பதைத் தடுப்பதையும், பால் வெட்டாத நாட்களில் நிமிர்ந்து கிடக்கும் சிரட்டைகளில் டெங்கு நுளம்பு பெருகுவதையும் இந்த வழியிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் எழும் எதிர்ப்பை நான் மிக மதிக்கிறேன், ஏனென்றால் அது பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து வருவது. கத்தியும் சிரட்டையும் எங்களோடு போகட்டும் என்றுதானே பிள்ளையைப் படிக்க அனுப்புகிறோம், அங்கேயும் பால்வெட்டா என்று அவர்கள் கேட்கிறார்கள். தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் பிள்ளையைத் தோட்டத்துக்குத் தயார் செய்யும் இடங்களாகவே நடத்தப்பட்டன; 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்ற பிறகுதான் மற்றப் பிள்ளைகள் படிக்கும் அதே பாடத்திட்டம் படிப்படியாக இங்கே வந்தது. அந்த வரலாற்றை அறிந்த எவரும் இந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. என் பதில் இது. பால்வெட்டைத் தொழிலாகக் கற்பிப்பது வேறு; பால் ஏன் ஒழுகுகிறது, ஏன் நிற்கிறது என்று கேட்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லக்கூடிய பிள்ளை தாவர உடற்றொழிலியலில் கால் வைத்துவிட்டது. அதோடு, தாய் விடியற்காலையில் எழுந்து போவதற்குக் காரணம் வீக்க அமுக்கம் என்று அறியும் பிள்ளை, தாயின் கையிலிருக்கும் திறமையை விஞ்ஞானத்தின் கண்ணால் பார்க்கிறது. நகரத்துப் பாடசாலையில் நுணுக்குக்காட்டியில் வெங்காயத் தோலைப் பார்த்துக் கற்ற பிள்ளைக்குக் குறையாத ஆய்வுகூடம் இது. எங்கள் பக்கத்தில் பல பாடசாலைகளில் நுணுக்குக்காட்டியே இல்லாதிருக்கும்போது, மலையையும் ஆற்றையும் பயன்படுத்தாமல் விடுவதைத்தான் நான் பிள்ளைக்குச் செய்யும் அநீதியாக நினைக்கிறேன். எடுத்துக்கொண்ட உதாரணங்களும் தோட்டத்துக்குள் அடைந்து கிடப்பவையல்ல. மலேரியா பம்பாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் போனது. இறப்பர் அமேசன் காட்டிலிருந்து கியூ தோட்டம் வழியாக 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு வந்தது. பரீட்சை நாடு முழுவதற்கும் பொதுவானது என்பதால், இறப்பரில் கற்றதைத் தென்னையிலும் நெல்லிலும் கண்டற்காட்டிலும் பொருத்திப் பார்க்கும் ஒரு வினாவை ஒவ்வொரு தடவையும் சேர்த்தே கொடுக்கவேண்டும். அதைச் செய்யாவிட்டால் பெற்றோரின் அச்சம் நியாயமாகிவிடும்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. இதயத்தின் நான்கு அறைகளையும் வால்வுகளையும், சிறுநீரகத்தியின் பகுதிகளையும், மூளையின் மூன்று பிரதான பகுதிகளின் தொழில்களையும் எந்த ஆற்றங்கரைக் கதையும் கற்பிக்காது. அவற்றைப் படம் கீறி, பெயரிட்டு, அழித்து, மறுபடி கீறித்தான் மனதில் ஏற்றவேண்டும். தெறிவில்லும் அப்படியே. அடிப்படைச் சொற்களும் படங்களும் கையில் இல்லாத பிள்ளைக்கு முன்னால் 1934ஐ வைத்தால், நன்றாகப் படிக்கும் நான்கு பேர் பேச, மற்றவர்கள் வாய்மூடி இருப்பார்கள். தோட்டப் பாடசாலையில் இந்த ஆபத்துப் பெரிது. ஏனென்றால் விஞ்ஞான ஆசிரியர் இல்லாமலே ஒரு முழுத் தவணையைக் கடந்துவந்த வகுப்புகள் இங்கே உண்டு. பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி உருவான பின் மலையகத்துக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் கிடைக்கத் தொடங்கினாலும், கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தமிழ்மொழிமூல ஆசிரியர் பற்றாக்குறை சப்ரகமுவவில் இன்னும் தீரவில்லை. எனவே வரிசை முக்கியம். முதலில் சில நாட்கள் படங்களும் பெயர்களும், எல்லாருக்கும், சலிக்காமல். பிறகு நிகழ்வு. நிகழ்வைக் கொடுக்கும்போதும் முதலில் ஒவ்வொருவரும் வெற்றுத்தாளில் தனக்குத் தெரிந்ததைத் தனியே எழுதவேண்டும். பேச்சு அதன் பின்னர்தான். மெதுவாகக் கற்கும் பிள்ளை ஒட்டுண்ணி, செங்குருதிக் கலம், ஈரல் என்று மூன்று சொற்களை எழுதியிருந்தாலும், அந்தச் சொற்களுக்கிடையே அம்புக்குறி போடச் சொல்லலாம். அம்புக்குறி போடத் தெரிந்த பிள்ளைக்குக் காரணம் தருக என்ற வரி அவ்வளவு அந்நியமாகத் தெரிவதில்லை. அடிப்படை முழுவதும் வந்த பிறகே தொடர்புகள் என்று காத்திருப்பவர்களோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தொடர்பு தெரியாத அடிப்படை ஒரு மாதம்கூட நிற்பதில்லை. அடுத்த தவணையில் அதையே மறுபடி முதலிலிருந்து கற்பிக்க நேர்வதைப் பார்க்காத ஆசிரியர் இல்லை.

மீட்டலின் கடைசிக் கிழமைக்கு நான் ஒதுக்கும் வினா நடந்து முடிந்த ஒன்றைப் பற்றியதல்ல. 2019 முதல் இந்நாட்டு இறப்பர் மரங்களைப் பெஸ்டலோட்டியொப்சிஸ் என்ற பங்கசு தாக்குகிறது. இலையில் வட்ட வட்டமாகப் புள்ளிகள் தோன்றி, பருவமல்லாப் பருவத்தில் இலை கொட்டுகிறது, பால் குறைகிறது. ஒரு மலையில் நிற்கும் மரங்கள் ஏன் ஏறத்தாழ ஒன்றாகவே நோய்ப்படுகின்றன? இலை உதிர்ந்தால் பால் ஏன் குறையவேண்டும்? நோயை எதிர்க்கும் மரத்தை உருவாக்க என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காலம் எடுக்கும்? வெட்டு குறைந்தால் வீட்டுச் சாப்பாட்டில் முதலில் எந்தப் போசணை குறையும், அது குருதியில் எப்படித் தெரியும்? முதற்கேள்விக்கு அரும்பொட்டு மூலம் பெருக்கிய மரங்கள் பரம்பரையலகில் ஒத்தவை என்ற விடை வரவேண்டும். 1869இல் கோப்பித் தோட்டங்களில் தோன்றி அந்தப் பயிரையே அழித்த துருநோயைப் பிள்ளை தானாகவே நினைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இரண்டாவது ஒளித்தொகுப்புக்குப் போகிறது. மூன்றாவதில் ஆறேழு ஆண்டு கழித்தே வெட்டத் தகுதியாகும் ஒரு மரத்தில் கலப்புப்பிறப்பாக்கம் எவ்வளவு மெதுவானது என்பதையும், இழைய வளர்ப்பும் பரம்பரையலகுப் பொறியியலும் எங்கே உதவும், எங்கே உதவாது என்பதையும் எதிர்பார்க்கிறேன். நான்காவதுக்கு ஒரே சரியான விடை கிடையாது. இரும்பு என்று எழுதினாலும் புரதம் என்று எழுதினாலும் காரணம் தொடர்ந்து வந்தால் முழுப்புள்ளி. திருத்தும்போது சொற்களுக்குப் பாதியும் சொற்களை இணைக்கும் வாக்கியங்களுக்குப் பாதியுமாகப் புள்ளியைப் பிரித்துக்கொள்கிறேன். விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது எந்த அம்புக்குறி விடுபட்டது என்பதைச் சிவப்பில் வரைந்து, அதே தாளில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறுபடி எழுதி வாங்குகிறேன்.